பேய் சிரைத்த தலைக்குச் சீன மருந்து

டிரங்குப் பெட்டியைத் தலையில் வைக்க முடியவில்லை. அந்த வியாழக்கிழமை சாயங்காலம் எனக்கிருந்த பெரிய வருத்தம் அதுதான். தலை முழுக்கக் கொப்புளம். அதன்மேல் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் சவரக்கத்தி வேறு ஓடியிருந்தது. காற்றுப் பட்டாலே எரிந்தது. பெட்டியை வலது தோளில் கொஞ்ச தூரம், இடது தோளில் கொஞ்ச தூரம் என்று மாற்றி மாற்றிச் சுமந்துகொண்டு, துபாய்க்குக் கிழக்கே மசாஃபியிலிருந்து புஜைராவுக்கு இறங்கும் மலை ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். அந்த ரோட்டைப் போட்ட கூட்டத்தில் நானும் ஒருத்தன். (அதே ரோட்டில் பெட்டியோடு நடக்க வேண்டிவரும் என்று தார் ஊற்றும்போதே தெரிந்திருந்தால், வளைவுகளைக் குறைக்கச் சொல்லிச் சண்டை போட்டிருப்பேன்.)

பின்னால் கேம்பிலிருந்து பெரியசாமி அண்ணன் கத்துவது இன்னும் கேட்டது.

"திரும்பி வந்தே, காலை ஒடிச்சிருவேன்டா!"

"நீங்க கூப்பிட்டாலும் வரமாட்டேன்!" என்று நானும் கத்தினேன்.

யாரும் கூப்பிடவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் என்னை முட்டாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், மறுக்க மாட்டேன். ஆனால் முடி கொட்டியதற்காகக் கவலைப்பட்டேன் என்று யாராவது சிரித்தால் ஒப்புக்கொள்ள மாட்டேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். தூத்துக்குடியில் உப்பு வாரினேன், பம்பாயில் ஓட்டல் மேஜை துடைத்தேன், பஹ்ரைனில் மீன் கூடை தூக்கினேன். எங்கேயும் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கியதில்லை. பசி, மூட்டைப்பூச்சி, ஒரே போர்வையில் இரண்டு பேர், இதெல்லாம் பழகிப்போனவை. சொத்து என்று இருந்தது அந்த டிரங்குப் பெட்டியும் தலைமுடியும்தான். பெட்டி பூட்டு இல்லாதது. முடி நன்றாக இருந்தது.

எழுபதுகளின் நடுவில் அந்த ரோட்டு வேலைக்கு வந்தேன். தகர ரூம் ஒன்றில் தமிழாட்கள் பன்னிரண்டு பேர். கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும், சோப்பு நுரைக்காது. எல்லோருக்கும் முடி கொட்டியது. ஆனால் மற்றவர்களுக்கு நியாயமாக, பரவலாகக் கொட்டியது. எனக்கு வட்டம் வட்டமாகக் கொட்டியது. காதுக்கு மேலே ஒன்று, உச்சியில் ஒன்று, பின்மண்டையில் ஒன்று. கம்பாஸ் வைத்து வரைந்த மாதிரி.

"புழுவெட்டுடா. சின்ன வெங்காயத்தை நசுக்கித் தேய்" என்றார் பெரியசாமி அண்ணன். அவர்தான் ரூமில் மூத்தவர், பெரம்பலூர்க்காரர். மாரியம்மன் படத்தைக் கும்பிடாமல் பல்கூடத் துலக்க மாட்டார். அந்த மலைக்குள் சின்ன வெங்காயத்துக்கு எங்கே போவது? பம்பாய் வெங்காயத்தைத் தேய்த்தேன். நான் அழுதேன், பக்கத்துக் கட்டில்காரனும் அழுதான், முடி அசையவில்லை.

அந்தப் பக்கத்துக் கட்டில்காரன்தான் கதிரேசன், புதுக்கோட்டைப் பக்கம். மனைவியைக் கர்ப்பமாக விட்டுவிட்டு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. பிறந்த பெண் குழந்தையை அவன் இன்னும் பார்த்ததில்லை. ஒருவழியாக லீவு கிடைத்துவிட்டது. துபாயிலிருந்து பம்பாய் போகும் கப்பலில் இடமும் கிடைத்துவிட்டது. அவனுடைய சித்தப்பா மகள் தனத்தை எனக்குக் கட்டிவைப்பது என்று அவனே முடிவு செய்து, என்னை "மாப்ளே" என்று கூப்பிடவும் ஆரம்பித்திருந்தான்.

"மாப்ளே, சித்தப்பா போட்டோ கேக்குறாரு. நான் போறப்ப கையில கொண்டுபோகணும். தலை நல்லாத் தெரியணும்."

"தலை எதுக்கு மச்சான்?"

"முன்னாடி ஒருத்தன் தொப்பி போட்டு போட்டோ அனுப்பிச்சான். உள்ள வழுக்கை. தொப்பிக்காரன்னாலே சித்தப்பாவுக்கு ஆகாது இப்ப."

கப்பலுக்குப் பதினைந்து நாள் இருந்தது. தலையில் மூன்று வட்டம் இருந்தது.

நாலு மைல் தள்ளிக் கல் உடைக்கும் கிரஷர் இருந்தது. அங்கே வெல்டராக இருந்தவர் லிம். சீனர். மலேசியாவில் ரப்பர் தோட்டத்துப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர், அதனால் எங்களைவிடச் சரளமாகத் தமிழ் பேசுவார், மலேசியாக்காரர் வழக்கப்படி கடைசியில் ஒரு 'லா' சேர்த்து. அவருடைய அப்பா சீன மருந்துக் கடை வைத்திருந்தாராம். கிரஷரில் ஒரு பாகிஸ்தானிக்கு முதுகுப் பிடிப்பை ஊசி குத்தியே எடுத்தார் என்று பேச்சு. வெள்ளிக்கிழமை லீவில் நடந்தே போய்விட்டேன். ஒரு சீனர் "வா தம்பி, குந்து" என்று சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? அவர் மருத்துவம் தெரிந்தவரா என்று நான் யோசிக்கவே இல்லை. தமிழ் தெரிந்தவர், போதும்.

நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். இரண்டு கையிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். பிறகுதான் தலையைப் பார்த்தார்.

"எங்க ஆளுங்க இதைப் பேய் செரைச்ச தலைன்னு சொல்வாங்க லா. நீ தூங்கறப்ப பேய் வந்து செரைச்சிட்டுப் போயிடும். ஆனா அது சும்மா பேச்சு. ஒனக்கு ஈரல்ல ரத்தம் காஞ்சு போச்சு. கிட்னியும் பலம் பத்தாது."

முடி இல்லை என்று போனவனுக்கு ஈரலும் போய்க் கிட்னியும் போயிற்று.

மருந்து மூன்று வகை. முதலில் இஞ்சியை வெட்டி வட்டத்தில் தேய்க்க வேண்டும். இரண்டாவது, பல் துலக்கும் பிரஷ் மாதிரி ஒரு குட்டிச் சுத்தியல். அதன் தலையில் ஏழு ஊசி. அதால் வட்டத்தை மெதுவாகத் தட்ட வேண்டும். மூன்றாவது, ஏதோ கறுப்பு விதையைச் சாராயத்தில் ஊறப்போட்ட தைலம். (அந்த விதை நம் நாட்டு மருந்துக் கடையில் விற்கும் கார்போகரிசிதான் என்று பல வருஷம் கழித்துத் தெரிந்தது. அதற்காக நாலு மைல் நடந்து சீனரிடம் போயிருக்கிறேன்.)

"வட்டத்துல மட்டும் பூசு. ரெண்டு நாளைக்கு ஒருக்கா, சாயங்காலம். காலையில நல்லாக் களுவிடு. முக்கியமா, பூசிட்டு வெயில்ல நிக்காதே."

"அண்ணே, நான் ரோடு போடுறவன்."

"அதனாலதான் களுவச் சொல்றேன் லா."

"முடி எப்ப வரும்?"

"மூணு மாசம்."

நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டாலும் கணக்கில் சோடை இல்லை. மூன்று மாதம் என்றால் தொண்ணூறு நாள். எனக்கு இருப்பது பதினைந்து. அவர் சொன்னதைப்போல ஆறு மடங்கு செய்தால் சரியாகப் போச்சு! இந்தக் கணக்கில் எங்கே தப்பு என்று அன்றைக்கு யார் கேட்டிருந்தாலும் வாதாடி ஜெயித்திருப்பேன்.

ரகசியமாகச் செய்தேன். கக்கூசுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தலையை டொக் டொக் என்று தட்டினேன். ("உள்ள யாருய்யா ஆணி அடிக்கிறது?" என்று வெளியே நின்றவர்கள் கேட்டார்கள்.) காலையில் பூசினேன், மத்தியானம் பூசினேன், சாயங்காலம் பூசினேன். கழுவவே இல்லை. மருந்தைக் கழுவுவது வீண் என்று பட்டது. அந்தத் தலையோடு தாருக்குப் பக்கத்தில், அரபு நாட்டு வெயிலில், நாள் முழுக்க நின்றேன். வியர்வையோடு தைலம் நெற்றி, கழுத்து, கன்னம் என்று வழிந்தது. துண்டால் துடைத்துத் துடைத்து நானே முகமெங்கும் பரப்பினேன்.

எட்டாம் நாள் காலையில் முகம் எரிந்தது. கண்ணாடியைப் பார்ப்பதற்குள் பெரியசாமி அண்ணன் என்னைப் பார்த்துவிட்டார். நெற்றியிலும் கழுத்திலும் நீர் கோத்த கொப்புளங்கள். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். செருப்பைக் கழற்றினார். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார்.

"ஆத்தா! கடல் தாண்டியும் எங்களைத் தேடி வந்துட்டியா தாயே!"

மற்ற பதினொரு பேரில் ஒருத்தனுக்கும் சந்தேகம் வரவில்லை. முத்துப் போட்டிருக்கிறது, அம்மை. கம்பெனிக்குச் சொல்லக் கூடாது, சொன்னால் ஊசி போடுவார்கள், ஆத்தா கோபித்துக்கொள்வாள். காய்ச்சல் என்று போர்மேனிடம் ஒரே குரலாகச் சொன்னார்கள். வாசலில் வேப்பிலை கட்ட வேண்டுமே, அந்த மலையில் வேப்பமரம் ஏது? பெரியசாமி அண்ணன் போய் மணலில் நின்ற காஃப் மரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, "நம்ம ஊர் வன்னி மரம்டா இது, அவளுக்குப் பிடிச்சதுதான்" என்று கிளை ஒடித்துக் கட்டினார். எனக்கும் அதிலேயே படுக்கை. வன்னியில் முள் உண்டு என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான், முள்மேல் படுத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஏன் சொல்லவில்லை? சொன்னால் கக்கூசுக்குள் தலையில் ஆணி அடித்தவன் நான்தான் என்று தெரியும். தெரிந்தால் கதிரேசனுக்குத் தெரியும், கதிரேசன் சொன்னால் சித்தப்பாவுக்குத் தெரியும். போட்டோ கெட்டது போதாதென்று கல்யாணமும் கெட வேண்டுமா? நாலு நாள் படுத்திருந்தால் கொப்புளம் அடங்கும், கடைசி நாளில் புஜைரா போய் ஒரு பக்கமாகத் திரும்பி நின்று படம் எடுத்துவிடலாம். இதுதான் திட்டம்.

இன்னொரு காரணமும் இருந்தது. சுகமாக இருந்தது. ஓயாமல் ஒழியாமல் வேலை செய்த உடம்பு முதல் தடவையாகப் பகலில் படுத்தது. ஆள் மாற்றி ஆள் மோர் கொண்டுவந்தார்கள். என்னைப் பெண்பாலில் கூப்பிட்டார்கள். "ஆத்தா கொஞ்சம் பானகம் குடிக்கிறியா?" என்பார்கள். ஒருத்தர் கை கட்டி நின்று, "தாயி, ஊர்ல இருந்து நாலு மாசமா கடுதாசி இல்ல. எம் பொண்டாட்டிக்கு என்ன கோவம்?" என்றார். எனக்கு எப்படித் தெரியும்? "நீ முதல்ல எழுது" என்றேன். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் எழுதியே ஆறு மாதமாம். ஆத்தாவின் பெயர் கேம்ப் முழுக்கப் பரவிற்று.

அம்மை இருக்கும் இடத்தில் தாளிக்கக் கூடாது. எண்ணெய் காயக் கூடாது, கறி மீன் கூடாது, சவரம் கூடாது. வெள்ளிக்கிழமை கறி நின்றது. பதினொரு ஆண்பிள்ளைகள் தாளிக்காத குழம்பை விழுங்கிவிட்டு, முகத்தில் ஒரு வாரத் தாடியோடு தார் ஊற்றப் போனார்கள். என் பொருட்டு ஒருத்தனும் முணுமுணுக்கவில்லை. அதுதான் பின்னால் என்னை அடிக்க வந்ததற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

வியாழக்கிழமை வந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிக்-அப் வண்டி கதிரேசனைத் துபாய்க்குக் கூட்டிப்போக வேண்டும், மறுநாள் கப்பல். மூன்றரை மணிக்கு அவன் தன் பெட்டியைத் திறந்து சாமான்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். கடைசியாக ஒரு மஞ்சள் கவுன். அதை விரித்து, மடித்து, மறுபடி விரித்தான்.

"என்ன மச்சான், கட்டறதுக்குப் பதிலா அவுக்குற?"

"நான் போகல மாப்ளே. ஆத்தா வந்த ரூம்ல இருந்து எப்படிக் கிளம்புறது? அங்க சின்னப் புள்ள இருக்கு. மூணு தண்ணி ஊத்தாம நான் போய் அதைத் தூக்க முடியுமா?"

"அடுத்த கப்பல்?"

"லீவு தவறிப் போச்சுன்னா மறுபடி எப்பக் குடுப்பானோ. கலாஸ், முடிஞ்சுது. இந்தக் கவுனை வேற யாராவது போறப்பக் குடுத்தனுப்பணும். அதுக்குள்ள அளவு பத்தாமப் போயிரும்."

இதை அவன் அழுது சொல்லியிருந்தால் நான் சமாளித்திருப்பேன். சாதாரணமாகச் சொன்னான். முள் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தேன்.

"மச்சான், நீ கிளம்பு. இது அம்மை இல்ல."

கதிரேசன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். பெரியசாமி அண்ணன் ஓடி வந்தார்.

"அண்ணே, சத்தியமா இது அம்மை இல்ல. கிரஷர் லிம் குடுத்த தைலம். முடி வளர்றதுக்கு."

"பாத்தியா, ஆத்தா நம்மளைச் சோதிக்கிறா!" என்றார் அவர் பரவசமாக.

பாட்டிலைக் காட்டினேன். ஆத்தா கையால் தொட்ட பாட்டில் என்று வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். சுத்தியலைக் காட்டினேன். "சூலம்!" என்றார் ஒருத்தர். வட்டங்களைக் காட்டினேன். முத்து உதிர்ந்த இடம் என்றார்கள். நான் வாயைத் திறக்கத் திறக்க என் மகிமை ஏறிக்கொண்டே போயிற்று. மணி நாலு.

அப்போது எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் நினைத்தால் பெருமையாக இருக்கிறது. கதிரேசன் வெளியே வைத்திருந்த சவரக்கத்தியை எடுத்தேன். தண்ணீர்த் தொட்டியடிக்குப் போனேன். எல்லோரும் பின்னால் வந்தார்கள்.

"அம்மை கண்ட உடம்புல கத்தி படலாமா அண்ணே?"

"படவே கூடாது! ஆத்தா ரத்தம் கக்க வச்சிருவா!"

"அப்பப் பாத்துக்கிட்டே இருங்க."

எந்த முடிக்காக ஈரலையும் கிட்னியையும் பலிகொடுத்தேனோ, எந்த முடியைச் சித்தப்பாவுக்குக் காட்ட வேண்டுமோ, அந்த முடியில் கத்தியை வைத்தேன். உப்புத் தண்ணீர், நுரைக்காத சோப்பு, உடையும் கொப்புளம். கண்ணில் பொறி பறந்தது. முதல் இழுப்பில் பதினொரு பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். இரண்டாவதில் ஒருத்தர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். பாதித் தலை முடிந்தபோது எல்லோரும் ஆத்தாவுக்காக வானத்தைப் பார்த்தார்கள். தண்ணீர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவ்வளவுதான் நடந்தது.

பெரியசாமி அண்ணன் முகம் மெல்ல மாறியது.

"டேய்... ஒரு வாரமாடா தாளிக்காத கொழம்பு தின்னோம்?"

"ஆமாண்ணே."

"எம் பொண்டாட்டிக்கு நீயாடா யோசனை சொன்ன?" என்றார் கடிதக்காரர்.

"நல்ல யோசனைதானேண்ணே?"

மீதித் தலையைச் சிரைக்க அவர்கள் அவகாசம் கொடுத்தது நான் ஓடிக்கொண்டே சிரைத்ததால்தான். பெட்டியை என் பின்னால் எறிந்தார்கள். இந்த மெஸ்ஸில் இனி உனக்குச் சோறு மாஃபி, கிடையவே கிடையாது என்றார்கள். நானே போகிறேன், உங்கள் குழம்பு தாளித்தாலும் அப்படித்தான் இருக்கும் என்றேன். கம்பெனி ஆபீசில் என் பாஸ்போர்ட் கிடந்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கதிரேசன் மட்டும் திட்டவில்லை. சாமான்களை வேகவேகமாகப் பெட்டிக்குள் திணித்துக்கொண்டிருந்தான், கவுன் மேலாக. பிக்-அப்பில் ஏறும்போது, "மாப்ளே, சித்தப்பாகிட்ட நான் என்னடா சொல்றது?" என்று கத்தினான்.

"பார்த்ததைச் சொல்லு!"

அவன் மேற்கே போனான். நான் கிழக்கே நடந்தேன். ஒரு பலூச்சி டிரைவர் தன் தண்ணீர் லாரியை நிறுத்தி ஏற்றிக்கொண்டார். "சிர் மே க்யா ஹுவா, பாய்?" என்று தலையைக் காட்டிக் கேட்டார். மருந்து என்றேன். அச்சா என்று சொல்லிவிட்டுப் புஜைரா வரும்வரை வேறெதுவும் கேட்கவில்லை. உலகத்தில் நல்லவர்கள் இருக்கிறார்கள்.

கதிரேசன் பார்த்ததைச் சொன்னான். ஒன்றுவிடாமல் சொன்னான், சேர்த்தும் சொன்னான். சித்தப்பா வேண்டவே வேண்டாம் என்றாராம். தனம்தான், "பொய் சொன்னா தலையிலேயே தெரிஞ்சிருது. இந்த மாதிரி ஆளு சிக்கறது கஷ்டம்" என்று பிடிவாதம் பிடித்தாளாம். கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆகியும், என் முகத்தில் ஒரு பரு வந்தால் போதும், அடுப்படியிலிருந்து குரல் வரும்: "இன்னிக்குத் தாளிக்கலாமா, வேணாமா?" பிள்ளைகள் கேட்டார்கள், இப்போது பேரப்பிள்ளைகளும் கேட்கிறார்கள். கேட்கட்டும். லிம் அண்ணனின் மருந்தை மட்டும் யாரும் குறை சொல்ல விடமாட்டேன். இரண்டு மாதத்தில் மூன்று வட்டத்திலும் பூனைமுடி முளைத்தது. மருந்தாலா, தானாகவா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நாற்பது வயதில் முடி முழுவதும் போனபோது அது முறைப்படி போனது.

அன்றிரவு புஜைராக் கடற்கரையில் பெட்டியை அணைத்துக்கொண்டு தூங்கினேன். மறுநாள் காலையில் நேராக ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்குப் போனேன். சித்தப்பாவுக்குத் தலை தெரிய வேண்டுமல்லவா, தெரியட்டும் என்ற வீம்பு. ஸ்டூடியோக்காரர் மலையாளி, வர்கீஸ் சேட்டன். என் தலையைச் சுற்றி வந்து பார்த்தார்.

"நெகட்டிவில் பென்சில் வெச்சு முடி வரைஞ்சு தராம் கேட்டோ. ஆர்க்கும் அறியில்லா."

"வேண்டாம் சேட்டா. இருக்கிறபடி எடுங்க."

"கொப்புளமும்?"

"அதுவும்தான்."

எடுத்தார். விளக்கை அணைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ஊருக்குப் போட்டோ அனுப்ப வருகிற ஆட்களுக்குக் கோட்டு மாட்டிவிட, பவுடர் போட்டுவிட, தலை வாரிவிட ஓர் ஆள் வேண்டும் என்றார். முன்பு இருந்தவன் கடைத் தேங்காயெண்ணெயை எல்லாம் தன் தலையில் ஊற்றியே தீர்த்துவிட்டானாம்.

"நின்னெ எனிக்குப் பிடிச்சு" என்றபடி எண்ணெய் பாட்டிலையும் சீப்பையும் என் கையில் கொடுத்தார். அன்றைக்கு மத்தியானத்துக்குள் ஒன்பது பேருக்குத் தலை வாரிவிட்டேன்.